வேலிக்கு அங்காலை ஒரு விலாசம்

அந்த விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். முகாமில் யாருக்குப் படிவம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். பத்திரிகையில் வேலை செய்கிறவள், எழுத்து அச்சுப்போல இருக்கும், பிழை விடமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் எனக்கும் பங்கு இருந்தது.

எங்கள் முகாம் தெல்லிப்பழைக்குத் தெற்கே, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. தகரக் கூரை, பாதிச் சுவர், மீதிக்குத் தென்னோலைக் கிடுகு. நான் அங்கே வந்தபோது எனக்கு இரண்டு வயது. இந்தக் கதையில் வரும் பெண் பிறந்ததே அங்கேதான். ஊரை அவள் பார்த்ததில்லை. காங்கேசன்துறைக்குக் கிழக்கே உள்ள கடலோரக் கிராமம் அது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது.

முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் படிவத்திலும் யாரும் முகாமை விலாசமாக எழுதுவதில்லை. பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, எல்லாவற்றிலும் ஊர் விலாசம்தான். ஊர் விலாசத்தை எழுதுவதை நிறுத்தினால் காணி போய்விடும் என்று பயம். யாரோ ஒருவர் முகாம் விலாசத்தைக் கொடுத்ததால் ஊர்ப் பட்டியலில் அவருடைய பெயரை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை உலவியது. அந்த யாரோ ஒருவரைச் செய்திக்காக இரண்டு தடவை தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. ஆனால் அப்படி ஒருவர் இல்லை என்று முகாமில் சொல்லவும் எனக்குத் துணிவு வரவில்லை.

இந்த வழக்கத்தால் கடிதங்கள் தொலைந்ததில்லை. ஊரோடு சேர்ந்து ஊரின் உப தபாலகமும் இடம்பெயர்ந்து, தெல்லிப்பழையில் ஒரு வாடகை அறையில் இயங்கியது. யாரும் இல்லாத வீடுகளின் விலாசத்துக்கு வரும் கடிதங்களைத் தபாற்காரர் சைக்கிளில் எடுத்துக்கொண்டு நேரே முகாமுக்கு வருவார். ஊரில் எந்த ஒழுங்கையில், எந்தச் சந்தில் இருந்தவர்கள் முகாமில் எந்த வரிசையில், எந்தக் கொட்டிலில் இருக்கிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

அவளுக்கு அப்போது இருபது வயது. உயர்தரப் பரீட்சையில் கலைப் பிரிவு, மூன்றாவது தடவை. முதல் தடவை தகப்பன் இறந்த மாதத்தில் எழுதினாள். இரண்டாவது தடவை வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டாள். பல்கலைக்கழகத்துக்கு மூன்று தடவைதான் முயற்சி செய்யலாம், நான்காவது இல்லை. பாடசாலையை விட்டுவிட்டபடியால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தாள். பாடசாலைப் பிள்ளைகளின் அனுமதி அட்டை அதிபருக்கு வரும். தனிப்பட்டவர்களுக்குத் தபாலில், விண்ணப்பத்தில் உள்ள விலாசத்துக்கு வரும். இப்போது போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். அப்போது அந்த வசதி இல்லை.

முகாமின் முன்பள்ளி மண்டபத்தில் மாலை வகுப்பு நடத்தினோம். மண்டபம் என்றால் நான்கு தூணும் தகரமும். ஒரு வருடம் முன்னால் சோதினை எழுதியவர்கள் அடுத்த வருடம் எழுதுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆசிரியர் என்று தனியாக யாரும் இல்லை. மழை பெய்தால் தகரச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்காது. அப்போது எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுவோம், கேள்வியையும் அவர்கள் எழுந்து வந்து எழுதுவார்கள். அவள் புவியியலுக்குப் பொறுப்பு. தான் படித்துக்கொண்டே மற்ற ஏழு பேருக்கும் இடவிளக்கப்படம் வாசிக்கப் பழக்கினாள். "உதென்ன, கோழி கிண்டின மாதிரிக் கீறியிருக்கிறாய்? சமவுயரக் கோடு ஒண்டையொண்டு வெட்டாது, விளங்குதோ?" என்று அவள் ஏசுவது வெளியே தண்ணீர்த் தாங்கிவரை கேட்கும்.

சோதினை திங்கட்கிழமை. காலையில் புவியியல் முதலாம் தாள். முந்திய வாரம் புதன்கிழமைவரை அட்டை வரவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் மூன்று மணிக்கு, தபாற்காரர் வழக்கமாக வரும் நேரத்தில், முகாம் வாசல் குழாயில் போய்த் தண்ணீர் எடுப்பாள். அவர்களுடைய கொட்டில் தாங்கிக்குப் பக்கத்தில். வாசலில் போய் எடுக்கவேண்டிய தேவை இல்லை.

புதன்கிழமை பத்திரிகைக் கந்தோரிலிருந்து பரீட்சைத் திணைக்களத்துக்கு போன் எடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அட்டை இரண்டு கிழமைக்கு முன்பே தபாலில் போட்டாகிவிட்டது. கிடைக்கவில்லையென்றால் அடையாள அட்டையோடு கொழும்புக்கு நேரில் வரவேண்டும், வெள்ளி மாலை நான்கு மணிக்கு முன்.

வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் தபாற்காரர் முகாம் வீதியால் போனார். சீருடை இல்லை. கரியரில் ஒரு கட்டுப் புகையிலை.

"அண்ணை, எங்களுக்குக் கடிதம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டேன்.

அவர் ஒரு காலை ஊன்றி நின்றார். "என்னட்டை என்ன கடிதம்? போன மாசம்வரை நான் கொண்டுவந்தனான், இப்ப பென்சனிலை வந்திட்டன். தபால் கந்தோரும் ஊருக்குப் போட்டுதே. உமக்குத் தெரியாதோ? நீர்தானே பேப்பரிலை போட்டனீர்."

உண்மைதான். ஆறு மாதத்துக்கு முன்பு ஊரின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. உப தபாலகம் அங்கே தற்காலிகக் கொட்டகையில் திறக்கப்பட்டது. பன்னிரண்டு வரிச் செய்தி, ஏழாம் பக்கம். தலைப்பும் நான் போட்டதுதான். அந்தச் செய்தியை எழுதிய அதே கிழமையில்தான் அவளுடைய விண்ணப்பத்தையும் நிரப்பினேன். 'அனுமதி அட்டை அனுப்பப்பட வேண்டிய விலாசம்' என்ற கட்டத்தில் வழக்கம்போல ஊர் விலாசத்தை எழுதினேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

"என்ன, முகம் வெளுத்திட்டுது?" என்றார் அவர்.

"ஒண்டுமில்லை அண்ணை."

ஊர் இப்போது இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தெற்குப் பக்கம் விடுபட்டது. வடக்குப் பக்கம், கடலை ஒட்டிய ஒழுங்கைகள், இன்னும் வேலிக்குள். அவளுடைய குடும்பத்தின் ஒழுங்கை வடக்குப் பக்கம்.

அவளுடைய தாயிடம் போய்ச் சொன்னேன். தோட்டத்து வேலையால் வந்து, முழங்காலில் மண்ணோடு அடுப்படியில் இருந்தா. நான் நினைத்ததற்கு மாறாக அவவின் முகம் மலர்ந்தது.

"எங்கடை விலாசத்துக்கே போட்டுதோ? இவ்வளவு காலத்துக்குப் பிறகு முதல் கடிதம்!"

"அம்மா, அது ஆருக்குப் போனதெண்டு தெரியாது" என்றாள் மகள். "வீட்டிலை ஆர் இருக்கினம் வாங்கிறதுக்கு? பாம்பு இருக்கும்."

"வாய் பார் இவளுக்கு."

மகள் என்னைப் பார்த்தாள். "நாளைக்கு ஊருக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறம் அக்கா?"

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு என்னுடைய ஸ்கூட்டியில் புறப்பட்டோம். அவள் பின்னால் இருந்து, ஒரு கையால் இருக்கையின் பின்கம்பியைப் பிடித்து, மறுகையில் புவியியல் கொப்பியை வைத்திருந்தாள். நான் மனதுக்குள் நேரத்தைக் கூட்டிக் கழித்தேன். அட்டை அங்கே இல்லையென்று பத்து மணிக்கே தெரிந்தாலும் கொழும்புக்கு நான்கு மணிக்குள் போய்ச் சேர வழியில்லை. அப்படியானால் கொழும்பு என்ற தெரிவு நேற்றிரவு பஸ் ஏறாதபோதே முடிந்துவிட்டது. இதை அவளிடம் சொல்லவில்லை. அவளும் கணக்குப் பார்த்திருப்பாள்.

தபாலகக் கொட்டகைக்கு இரண்டு பக்கமும் கூரையில்லாத வீடுகள். சுவர்களுக்குள் மரங்கள் வளர்ந்து ஜன்னலால் வெளியே வந்திருந்தன. புதிய தபாற்காரர் பண்டத்தரிப்புப் பக்கத்தவர், நாற்பது வயதிருக்கும், சுறுசுறுப்பானவர். விலாசத்தைச் சொன்னதும் உடனே ஞாபகம் வந்தது.

"ஓம் ஓம், பரீட்சைக் கடிதம். பிறவுண் உறை. உங்களுக்கோ? அப்ப நீங்கள் எங்கை இருக்கிறியள்?"

"முகாமிலை."

"அப்ப ஏன் தங்கச்சி முகாம் விலாசம் போடேல்லை?"

அவருக்கு அந்த வழக்கம் தெரியாது. இடம்பெயராத ஊரிலிருந்து வந்தவர்.

"நான் உந்த ஒழுங்கையைத் தேடித் திரிஞ்சு களைச்சுப் போனன். வேலிக்கு அங்காலை கிடக்கு. உங்கடை வாசலிலை ஆலமரம் நிக்குதாம், அதிட்டையோ குடுக்கிறது?" என்று சிரித்தார். நாங்கள் சிரிக்காததைக் கண்டு குரலைத் தாழ்த்தினார். "ஏழு நாள் வைச்சிருந்தன். திருப்பி அனுப்பத்தான் வேணும். ஆனா சோதினைக் கடிதம் எல்லோ? திருப்பினா கொழும்புக்குப் போயிடும், பாவம் எண்டிட்டுக் காவலரணிலை குடுத்தனான். உள்ளுக்குச் சனம் கோயிலுக்குப் போய் வருகுதாம், ஆரும் தேடி வந்தா குடுங்கோ எண்டு சொன்னனான்."

"ஆமியிட்டையோ?" என்றாள் அவள்.

"வேறை ஆரிட்டைக் குடுக்கிறது அங்கை?"

அவர் நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். அதை எழுதி வைக்கவேண்டும்.

காவலரண் அங்கிருந்து அரை மைல். மணல்மூட்டை, மஞ்சள் கறுப்புப் பூசிய பீப்பாய்கள், முட்கம்பிச் சுருள். ஸ்கூட்டியை ஐம்பது யார் தூரம் தள்ளி நிறுத்தினேன். தொழில் காரணமாக நான் காவலரண்களுக்குப் போனதுண்டு. அப்போதெல்லாம் கையில் அடையாள அட்டை, பின்னால் ஒரு கந்தோர். அன்று என் பத்திரிகை அட்டையை வேண்டுமென்றே வீட்டில் விட்டு வந்திருந்தேன். பத்திரிகைக்காரி என்று தெரிந்தால் கடிதம் கிடைக்காது என்று ஒரு பயம். கிட்டப் போனபோது, அட்டை இல்லாமல் வந்தது அதைவிடப் பயமாக இருந்தது.

நின்றவன் இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுச் சிப்பாய். எனக்குப் பேச்சுச் சிங்களம் ஓரளவு வரும். கடிதம் என்றதும் தலையாட்டினான். உள்ளே இருக்கிறது, பொறுப்பான சேர் வெளியே போயிருக்கிறார், வந்தால்தான் தரலாம். எப்போது வருவார் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான். போனை எடுத்துப் படம் பிடிக்கக்கூடாது என்று மட்டும் சொன்னான்.

வீதி மதகில் இருந்தோம். மணி ஒன்பதேகால்.

பத்து மணிக்குத் தாய் அழைத்தா. பதினொன்றுக்கு மறுபடியும். பதினொன்றரைக்கு அழைத்தபோது மகள் ஒலிபெருக்கியில் போட்டாள், கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பிள்ளை, வேலியாலை பாத்தா எங்கடை கிணறு தெரியுதோ? கட்டு உயரமான கிணறு. பக்கத்திலை இரண்டு தென்னை."

"ஓம் அம்மா, தெரியுது."

"தண்ணி கிடக்கோ?"

"ஓம்."

அவள் வேலிப் பக்கம் திரும்பவே இல்லை. நான் பார்த்தேன். பற்றையும் ஒரு தகரக் கூடாரமும்தான் தெரிந்தன. மறுமுனையில் தாய் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அப்போது நான் சொன்னேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "விலாசத்தை எழுதினது நான். தபால் கந்தோர் மாறினது எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டும் எழுதிப்போட்டன்."

"தெரியும் அக்கா" என்றாள். "நேற்றே தெரியும். இப்ப கதைக்காதேங்கோ, காலநிலை வலயம் பாத்துக்கொண்டிருக்கிறன்."

என்னென்ன நடந்திருக்கலாம் என்று மனம் போய்க்கொண்டிருந்தது. உறையைக் கிழித்து எறிந்திருக்கலாம். பிளேன்ரீக் கோப்பைக்கு அடியில் வைத்திருக்கலாம். சேர் விடுமுறையில் போயிருக்கலாம். காவலரணில் இருந்தவன் எங்களைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நான் கண்ணைத் தாழ்த்தினேன். அவன் கெட்டவனாகத் தெரியவில்லை. ஆனாலும் தாழ்த்தினேன். சின்ன வயதிலிருந்து அப்படிப் பழகிவிட்டது. அவளைப் பார்த்தேன். கொப்பி நேராக இருந்தது, ஆனால் அரை மணி நேரமாகப் பக்கம் புரளவில்லை.

ஒன்று கழிந்து பத்து நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். அதிகாரி. உள்ளே போய்ப் பிறவுண் உறையோடு திரும்பினார். உறை திறக்கப்பட்டிருந்தது. அட்டையின் ஒரு மூலை வெளியே தெரிந்தது. அவள் எழுந்து நின்றாள். அவர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டார். பிறகு ஒரு தாளை நீட்டினார்.

"சைன் பண்ணுங்க."

தட்டச்சில் அடித்த சிங்களத் தாள். மேலே ஒரு சின்னம். கீழே பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், கையொப்பம் என்று நான்கு இடைவெளி. அவற்றை மட்டும் மூன்று மொழியில் அச்சடித்திருந்தார்கள். நடுவில் உள்ளதை எனக்கு வாசிக்கத் தெரியாது. சிங்களம் பேச வரும், எழுத்து தெரியாது. வரிகளை மட்டும் எண்ணினேன். எட்டு வரி. ஒரு கடிதம் கிடைத்தது என்று எழுத எட்டு வரி எதற்கு?

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"கடிதம் கிடைச்சது. அவ்வளவுதான்" என்றார் தமிழில்.

அவளுடைய போன் அப்போது மறுபடி அடித்தது. அவள் எடுத்து, தாளைப் பற்றிச் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக்கூடாது. நான் ஒரு அடி தள்ளி நின்றும் தாயின் குரல் தெளிவாகக் கேட்டது.

"வைக்காதை! பிள்ளை, கையெழுத்து வைக்காதை! அது காணி எழுதி வாங்கிற பேப்பர்!"

"கடிதத்துக்கு அம்மா."

"கடிதத்துக்கு ஏன் சிங்களத்திலை பேப்பர்? உன்ரை அப்பர் சாகுமட்டும் ஒரு பேப்பரிலையும் கை வைக்கேல்லை. சோதினை அடுத்த வருசமும் வரும். காணி வராது."

"எனக்கு அடுத்த வருசம் இல்லை அம்மா."

"கையெழுத்து வைச்சிட்டு வீட்டை வராதை."

"எந்த வீட்டை?"

அவள் போனை நிறுத்திச் சட்டைப் பையில் போட்டாள். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அக்கா, என்ன செய்யிறது?"

எனக்குத் தெரிந்த ஒரு விடயம் இருந்தது. காணி உறுதிப் பத்திரம் அவளுடைய தாயின் பெயரில். உரிமை இல்லாதவளுடைய கையெழுத்தால் காணி கைமாறாது. காணிச் செய்திகள் எழுதிப் பழகியதில் இவ்வளவும் தெரியும். அதைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே உறுதியாகக் கேட்கவில்லை. அந்த எட்டு வரியில் என்ன இருந்தது என்று தெரியாமல் எதை உறுதியாகச் சொல்வது? ஏற்கெனவே அவளுடைய ஒரு படிவத்தில் பிழைவிட்டவள் நான்.

அவள் தாளை மணல்மூட்டை மேல் விரித்துவைத்தாள். பெயரை எழுதினாள். இலக்கத்தை எழுதினாள். விலாசம் என்ற இடத்தில் பேனை சற்று நின்றது. பிறகு விரைவாக எழுதிக் கையொப்பம் வைத்தாள். அதிகாரி தாளை வாசிக்காமலே மடித்தார். உறையைக் கொடுத்து, நன்றாகச் சோதினை செய்யுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அவள் தலையசைத்தாள். திரும்பி நடக்கும்போது நாங்கள் இருவரும் ஓடாமல் இருக்க முயன்றோம்.

ஸ்கூட்டியில் ஏறிய பிறகு சொன்னாள்: "நான் முகாம் விலாசத்தைத்தான் போட்டனான். பறிக்கிறதெண்டா அதைப் பறிக்கட்டும்."

அட்டையில் பெயர் சரி, பாடங்கள் சரி, நிலையம் சரி. மூன்று தடவை நான் வாசித்தேன், செய்தியின் அச்சுப்படி பார்ப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக.

முகாமில் தாய் அவளோடு பேசவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாப்பாட்டைக் கோப்பையில் போட்டு மூடிவைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனா. ஞாயிறு மாலை வகுப்பில் மற்றவர்கள் அவளைச் சுற்றி இருந்து படித்தார்கள். ஒருவர்கூட அந்தத் தாளைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொருவருடைய வீட்டிலும் தாய் தகப்பன் அன்று என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு ஊகிக்க முடிந்தது. வழக்கத்தைவிட அன்று வகுப்பில் சத்தம் குறைவு.

திங்கட்கிழமை அவளைப் பரீட்சை நிலையத்துக்கு ஏற்றிச் சென்றேன். வாசலில் அட்டையையும் அடையாள அட்டையையும் பார்த்தார்கள். விலாசம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. உள்ளே விட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் திரும்பியபோது தாய் மதிலோடு நின்றா. முகாமிலிருந்து நடந்தே வந்திருக்கவேண்டும், செருப்பெல்லாம் செம்மண். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னோடும் அவ பேசியதில்லை.

"போட்டாளோ உள்ளுக்கு?"

"ஓம் அம்மா. இப்பதான்."

அவ வாசலைப் பார்த்தபடியே கேட்டா. "அந்தப் பேப்பரிலை என்ன எழுதிக் கிடந்தது?"

"கடிதம் கிடைச்சது எண்டு."

"நீ வாசிச்சனியோ?"

"ஓம்."

எனக்குச் சிங்கள எழுத்துத் தெரியாது என்பது முகாமில் எல்லோருக்கும் தெரியும். சிங்களத்தில் கடிதம் வந்தால் அவர்கள் அதை மட்டும் என்னிடம் கொண்டுவருவதில்லை.

"விலாசம் எதைப் போட்டவள்?"

"ஊர் விலாசத்தைத்தான்."

உறுதிப்படுத்தாத ஒரு வரியைப் பத்திரிகையில் நான் போட்டதில்லை. அன்று ஒரே நிமிடத்தில் ஒன்றை உறுதிப்படுத்தாமலும், மற்றதைப் பொய்யென்று தெரிந்தும் சொன்னேன். தாய் தலையை ஆட்டிவிட்டு மதில் நிழலில் குந்தினா. மூன்று மணித்தியாலம் அப்படியே இருந்தா. நான் கந்தோருக்குப் போகாமல் பக்கத்தில் நின்றேன்.

அவளுக்குக் கிழக்கு மாகாணத்தில் பல்கலைக்கழகம் கிடைத்தது. அவர்களுடைய ஒழுங்கை இன்னும் விடுபடவில்லை. விடுவிக்கப்படும் காணிகளின் பட்டியல் எப்போதாவது எங்கள் கந்தோருக்கு வரும். கதிரையில் இருக்குமுன்னே, நின்றபடியே, விரலை வைத்து மேலிருந்து கீழே அந்த ஒழுங்கையின் பெயரைத் தேடுவேன். ஒவ்வொரு தடவையும் பட்டியலின் அடியில் விரல் வந்து நிற்கும்போது அந்த எட்டு வரியையும் மறுபடி எண்ணுவேன். பக்கத்து மேசையில் இருப்பவர், "என்ன, உங்கடை காணியோ?" என்று கேட்பார். இல்லை என்பேன்.